வானூர்தி இயக்கத்தில் சேர முழுச் சம்மதம்

என் விமானப் படிப்பை இரண்டு வருடம் தரையில் கட்டிப்போட்டது என் அம்மாவின் நல்ல தமிழ். இதை அவர் உயிரோடும் கண் தெளிவோடும் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். வாசித்துவிட்டுச் சந்திப்பிழை இருந்தால் திருத்தட்டும். திருத்தாமல் இருக்க அவரால் முடியவும் முடியாது.

அம்மா கல்லடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தார். கலியாணக் கார்ட் வந்தால் மாப்பிள்ளை யார், மண்டபம் எங்கே என்றெல்லாம் பார்க்க மாட்டார். எந்த இடத்தில் ஒற்று விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பார். கோயில் நோட்டீசைச் சிவப்புப் பேனையால் திருத்திக் கோயில் செயலாளரிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார். இத்தனைக்கும் வாயைத் திறந்தால் அசல் மட்டக்களப்பு. "மறுகா வாறன் புள்ள, அடுப்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர், அதையே ஒரு துண்டில் எழுதி வைத்தால் "சற்று நேரத்தில் திரும்புவேன், அடுப்பினைக் கவனிக்கவும்" என்று எழுதுவார். பேனை பிடித்ததும் வேறு ஆளாகிவிடுவார். பேசுகிற அம்மாவோடு எனக்கு எந்தப் பிரச்சினையும் இருந்ததில்லை. என் உயிரை வாங்கியது எழுதுகிற அம்மா.

அப்பா அப்போது கட்டாரில் லொறி ஓடிக்கொண்டிருந்தார். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் கிரானில் சித்தி வீட்டில் இருந்ததால் தப்பினோம். கல்லடியில் எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. திரும்பி வந்து பார்த்தபோது அத்திவாரமும் கிணறும் இருந்தன, கிணற்றுக்குள் யாரோ ஒருவருடைய சைக்கிள் கிடந்தது. என் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் இருபது வருடத்துப் பாடக்குறிப்புகள், எல்லாம் போயின. அயலில் கடல் கொண்டுபோனவர்களைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதத் தொடங்கினால் வேறு எதையும் எழுத முடியாது.

பிற்காலத்தில் என்னைப் பேட்டி காண வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். சுனாமிக்குப் பிறகு ஹெலிகொப்டரில் சாப்பாடு வந்ததைப் பார்த்துத்தானே விமானியாக ஆசை வந்தது? இல்லை ஐயா, இல்லை. ஹெலிகொப்டர் இறங்கியபோது கண்ணில் மணல் விழாமல் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்படிச் சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடும். ஒரு பேட்டியில் நான் இல்லை என்று சொன்ன பிறகும் அதையே தலைப்பாகப் போட்டிருந்தார்கள்.

உண்மையில் அந்த ஆசை கோபத்தில் வந்தது. வீடிழந்த பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஊரில் ஒபிஸ் திறந்திருந்தது. உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்திருந்த நான், என்ன படிக்கலாம் என்ற பட்டியலோடு அங்கே உட்கார்ந்திருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் என் பெறுபேற்றைப் பார்க்கவே இல்லை. "பாசிக்குடாவில ஹோட்டல் எல்லாம் வரப்போகுது. ஹோட்டல் படிங்க மகள். பொம்பிளப் பிள்ளையளுக்குப் பாதுகாப்பான வேலை" என்றார். பாசிக்குடாவில் அப்போது உடைந்த சுவர்களும் ஆமிக்காரரும்தான் இருந்தார்கள். பட்டியலின் கடைசி வரியில் விமானிப் பட்டப்படிப்பு என்று இருந்தது. அந்த அம்மையாருக்குக் கடுப்பேற்ற வேண்டும் என்பதற்காகவே அதில் அடையாளம் போட்டேன். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அதைத் தவிர வேறொன்றையும் என்னால் நினைக்க முடியவில்லை. அடுத்த மூன்று மாதமும் கணிதம், பௌதிகவியல், ஆங்கிலம் என்று விழுந்து விழுந்து படித்து நேர்முகத்தில் தேறினேன்.

ஊரில் விளக்கம் சொல்லி மாளவில்லை. "பிளேன்ல சாப்பாடு குடுக்கிற வேலையா?" என்று கேட்டார் பக்கத்துத் தற்காலிகக் கொட்டில்காரி.

"இல்ல மாமி, பிளேன் ஓடுற வேலை."

"அதுக்குப் பொம்பிளையள எடுப்பாங்களாகா?"

"எடுப்பாங்க."

அவர் இரக்கத்தோடு கேட்டார். "ஏன் புள்ள, சாப்பாடு குடுக்கிறதுக்கு உன்ன எடுக்கல்லயா?"

கல்லூரி கொழும்பில். மூன்று வருடப் படிப்பு. பாதி வகுப்பறையில்: வானிலை, திசையறிதல், விமானச் சட்டம், எஞ்சின். மறுபாதி இரத்மலானை விமானத்தளத்தில், இரண்டு இருக்கை கொண்ட சின்ன விமானத்தில், ஆசிரியருக்குப் பக்கத்தில். இத்தனை மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும் என்று ஒரு அளவு உண்டு. அது நிறையாவிட்டால் விமானி அனுமதிப்பத்திரம் கிடையாது. வெறும் பட்டத்தை வைத்துக்கொண்டு விமான நிலையத்துக் கதவைக்கூடத் திறக்க முடியாது. என் புலமைப்பரிசிலும் மூன்று வருடத்துக்குத்தான், அதற்குமேல் ஒரு நாள்கூட நீளாது. அந்த மணித்தியாலங்களைச் சேர்க்க வேண்டுமென்றால் நான் விமானத்தளத்துக்குள் கால் வைக்க வேண்டும். கால் வைக்கப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் இயக்கத்திடம் விமானம் வந்தது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் இயக்கம் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்: ஆயுதம் எடுத்துப் போராடியவர்கள். 'அவன் இயக்கத்துக்குப் போயிட்டான்' என்று செய்தி வந்தால் அந்த வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்காது. அந்த இயக்கம் வடக்கே வன்னியிலிருந்து சின்ன விமானங்களை அனுப்பிக் கொழும்பில் குண்டு போடத் தொடங்கியிருந்தது. நாங்கள் பழகவிருந்த விமானமும் ஏறக்குறைய அந்த அளவுதான். மட்டக்களப்பு அடையாள அட்டையோடு ஒரு தமிழ்ப் பெட்டை வந்து விமானம் ஓடப் பழக வேண்டும் என்று கேட்டால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. எனக்கு முந்திய பிரிவில் திருகோணமலைக்காரர் ஒருவருக்கு மூன்று மாதத்தில் அனுமதி வந்திருந்தது. படிவங்களை ஒழுங்காகக் கொடுத்தால் போதும் என்றார்கள்.

ஒழுங்காகத்தான் கொடுத்தேன். பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கு மாவட்டச் செயலகமான கச்சேரியில் நான்கு நாள் நின்றேன். பொலிஸ் நற்சான்றிதழ், கிராம சேவகர் சான்றிதழ், எல்லாம் எடுத்தேன். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. பெற்றோரின் சம்மதக் கடிதம். மூன்று மொழியில் எதிலும் எழுதலாம்.

"அம்மா, நான் இங்கிலீசில ரெண்டு வரி எழுதித் தாறன். நீங்க கையெழுத்து மட்டும் வைங்க."

"எண்ட மகளுக்குக் கடிதம் எழுத எனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஒரு வரி போதும் எண்டுதான் சொல்லுறன்."

"நீ போய் உண்ட வேலையப் பாரு."

இரண்டு நாள் எடுத்து எழுதினார். கிழித்துக் கிழித்து எழுதினார். எனக்குக் காட்டாமல் உறையில் போட்டு ஒட்டி, பதிவுத் தபாலில் தானே அனுப்பினார். அந்தக் கடிதத்தை நான் முதன்முதலாகக் கண்டது, ஐந்து மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டபோது, ஒரு பெரிய அதிகாரியின் மேசையில். அதில் ஒரு வரிக்குச் சிவப்பில் கோடு போட்டிருந்தார்கள். அம்மாவின் எழுத்துக்கு அடியில் சிவப்புக் கோட்டை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வரி இதுதான்: "எனது ஒரே மகள் வானூர்தி இயக்கத்தில் சேர்ந்து பயிற்சி பெறுவதற்கு எனது முழுச் சம்மதத்தையும் மனமுவந்து தெரிவித்துக்கொள்கிறேன். அவள் இதில் மிக உயர்ந்த நிலையை எய்த வேண்டும் என்பதே என் அன்றாட வேண்டுதல்."

 விமானம் வடசொல் என்று வானூர்தி போட்டிருக்கிறார். வானூர்தியை இயக்குவது வானூர்தி இயக்கம். இலக்கணத்தில் எள்ளளவும் பிழை கிடையாது. பைலட் என்று எழுதியிருக்கலாம். விமானி என்று எழுதியிருக்கலாம். பிளேன் என்று எழுதியிருந்தால் நான் அவர் காலில் விழுந்திருப்பேன்.

அதிகாரி சிங்களவர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பொலிஸ்காரர், மலைநாட்டுத் தமிழர்.

"தங்கச்சி, இத யாரு எழுதுனது?"

"அம்மா."

"யாராச்சும் சொல்லிக் குடுத்து எழுதுனாங்களா?"

"இல்ல. அம்மா தமிழ் ரீச்சர்."

பொலிஸ்காரர் சட்டென்று குனிந்து மேசைக்குக் கீழே எதையோ தேடினார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாட்களில் இதைவிடச் சின்ன விஷயத்துக்காக ஆட்களைக் கொண்டுபோயிருக்கிறார்கள். 

இரண்டாவது முறை கூப்பிட்டபோது உயர்தரப் பௌதிகவியல் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோனேன். பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினேன். சீரான இயக்கம், வட்ட இயக்கம், எளிமை இசை இயக்கம், நியூற்றனின் இயக்க விதிகள். பொலிஸ்காரர் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார், கடைசியில் அவரும் சிரித்தார். என்னை அனுப்பும்போது பொலிஸ்காரர் வாசல்வரை வந்தார்.

"நான் நம்புறேன் தங்கச்சி. ஐயாவும் நம்புறாரு. ஆனா பைல்ல அந்தக் கடுதாசி இருக்கே. மேல இருக்கிறவங்க ஒன்னையப் பாக்க மாட்டாங்க, கடுதாசியத்தான் பாப்பாங்க."

"அத எடுத்துப்போட்டு வேற ஒண்டு வைக்க ஏலாதா?"

"பைலுக்குள்ள போனது போனதுதாம்மா."

இப்படித்தான் என் தரை வாழ்க்கை தொடங்கியது. என்னோடு சேர்ந்தவர்கள் காலையில் விமானத்தளத்துக்குப் போவார்கள், மதியம் வெயிலில் சிவந்த மூக்கோடு வருவார்கள். நான் வகுப்பறையில் இருப்பேன். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தால் எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்று அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது நான். மேகத்தின் பெயர்களை மனப்பாடம் செய்வித்தது நான். பரீட்சையில் முதலாவதாக வந்ததும் நான்தான். அதற்கு ஒரு பரிசும் கொடுத்தார்கள். பொதி பிரித்துப் பார்த்தால் வெயில் கண்ணாடி. விமானி அறையில் போடுவதற்கு என்றார்கள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மேடையை விட்டு இறங்கினேன்.

வீட்டுப்பாடம் செய்வதிலும் தொல்லை. திசையறிதல் பாடத்துக்கு இலங்கை முழுவதும் அடங்கிய விமான வரைபடம் ஒன்று வேண்டும். அதில் விமானத்தளங்கள், தடைசெய்த பகுதிகள், எல்லாம் குறித்திருக்கும். வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த லொட்ஜுக்கும் கல்லூரிக்கும் இடையில் மூன்று இடத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். அந்த வரைபடத்தோடு நான் பிடிபட்டால் அம்மா இன்னொரு கடிதம் எழுத வேண்டி வரும். ஆகவே வரைபடத்தைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு, கோணங்களையும் தூரங்களையும் மனத்தில் போட்டுக்கொண்டு வருவேன். என்ன படிக்கிறாய் என்று சோதனைச் சாவடியில் கேட்டால் கணக்கியல் என்பேன். ஒருநாள் ஒரு இளம் சிப்பாய், தன் தங்கையும் கணக்கியல்தான், எந்தப் புத்தகம் நல்லது என்று கேட்டுவிட்டான். வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பிள்ளை தேடி அலைந்திருக்கும்.

கடிதத்தால் வந்த வினையை நான் தொலைபேசியில் அம்மாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. சொன்னேன். அவர் பதறவில்லை. "விளங்காம வாசிச்சிருக்காங்க, நான் விளக்கி எழுதுறன்" என்றார். வேண்டாம், வேண்டாம், தயவுசெய்து வேண்டாம் என்று கத்தினேன். பதிவுத் தபாலில் போட்ட பிறகுதான் எனக்குச் சொன்னார்.

மூன்றாவது விசாரணையில் பொலிஸ்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று தலையில் கை வைத்தார். இரண்டாவது கடிதம் நான்கு பக்கம். "இயக்கம் எனும் சொல் இவ்விடத்தில் தொழிற்பெயராக நின்று, இயக்குதல் எனும் பொருளைத் தருமேயன்றி, ஓர் இயக்கத்தைக் குறிக்கும் ஆகுபெயராக வாராது" என்று தொடங்கியிருந்தார். அதற்குப் பிறகு எடுத்துக்காட்டுகள்.

"மொதக் கடுதாசியில அந்தச் சொல்லு ஒரு எடத்துலதான் இருந்துச்சு" என்றார் பொலிஸ்காரர். "இதுல பதினேழு எடம். எண்ணிப்புட்டேன். நான் இத எப்படித் தங்கச்சி சிங்களத்துல சொல்லுவேன்?"

அந்த வாரமே பஸ் ஏறி ஊருக்குப் போனேன். சோதனைகளோடு பதினான்கு மணித்தியாலப் பயணம், வழி முழுவதும் என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நிறுவனம் ஒன்று வாவிக்கரைப் பக்கம் கட்டிக் கொடுத்த புது வீட்டில் அம்மா கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தார். பையைக்கூட இறக்கி வைக்காமல் தொடங்கினேன்.

"இத்தின வருசமா அந்தச் சொல்லச் சொல்லுறதெண்டா கதவச் சாத்திப்போட்டுக் குசுகுசுத்த ஆள் நீங்க. கடிதத்தில மட்டும் அது உங்கட கண்ணில படல்லயா?"

"அது பேசுற இயக்கம்" என்றார் அம்மா, தலையை நிமிர்த்தாமல். "இது எழுதுற இயக்கம்."

"பைல் வாசிக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்டுதான்!"

"எனக்கு ஒண்டில்ல."

நான் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைச் சுவரில் எறிந்தேன். அம்மா எழுந்து துணி எடுத்து, நனைந்த கொப்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். உங்களுடைய தமிழால் என் வாழ்க்கை நாசமாகப் போகிறது என்று சொன்னேன். அது மட்டும் அல்ல, இன்னும் மோசமாகவும் சொன்னேன். அதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடுத்த நாள் சொல்லாமல் கொள்ளாமல் கொழும்புக்குப் பஸ் ஏறினேன். அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் நானும் அம்மாவும் சுகம் விசாரித்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

பிறகு மே மாதம் வந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். தெருவில் பட்டாசு வெடித்தது, பாற்சோறு பகிர்ந்தார்கள். லொட்ஜில் இருந்த பெண்கள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் இருந்தோம். வன்னிப் பிள்ளை ஒருத்தி, தாய் தகப்பன் எங்கே என்று தெரியாமல், சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், இனி என் அனுமதி வரும் என்று எனக்குத் தோன்றியது. அந்த நினைப்புக்காக என்மீதே எனக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் தோன்றியது. இல்லை என்று சொன்னால் பொய்.

இரண்டரை மாதத்தில் வந்தது. ஒரே ஒரு வரி. ஆட்சேபனை இல்லை. இரண்டு வருடத்து விசாரணை, பௌதிகவியல் புத்தகம், தொழிற்பெயர், ஒன்றைப் பற்றியும் ஒரு சொல் கிடையாது. படிப்பு முடிய ஏழு மாதம் மிச்சமிருந்தது. அந்த ஏழு மாதத்தில் மணித்தியாலங்களை எப்படிச் சேர்த்தேன் என்று கேட்காதீர்கள். யாராவது காய்ச்சல் என்று வராவிட்டால் அவருடைய இடத்துக்கு ஓடினேன், மழை விடும் என்று நாள் முழுவதும் காத்திருந்தேன். சேர்த்துவிட்டேன். இன்றைக்கு என் பிழைப்பு விமானம் ஓடுவதுதான்.

ஆனால் முதல் நாளைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் வயதான சிங்களவர், மெல்லப் பேசுகிறவர். ஏறுவதற்கு முன் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்லி முடித்ததும், "உனக்குத் தெரியாதது ஒன்றுதான் மிச்சம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எஞ்சினை முடுக்கினார். சக்கரம் ஓடுபாதையை விட்டு எழும்பியது. கீழே தென்னந்தோப்பும் வாவியும் சரிந்தன. இதற்காக எத்தனை வருடம், எத்தனை படிவம் என்று நினைத்து நான் பரவசப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு புரட்டியது. வாந்திக்கென்று ஆசிரியர் ஒரு காகிதப் பையை நீட்டினார். அந்த முப்பத்தெட்டு நிமிடத்தில் பாதியை நான் அந்தப் பைக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் விமானக் கொட்டகையின் நிழலில் நின்று அம்மாவுக்கு எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் இடைவேளை நேரம்.

"பறந்தியா புள்ள?"

"ஓம். சத்தி எடுத்தன்."

"எத்தின தரம்?"

"ரெண்டு."

"பரவால்ல. இஞ்சித் தண்ணி குடி."

சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் கிளம்பியது. "இந்தச் சத்திய நான் ரெண்டு வருசத்துக்கு முதலே எடுத்து முடிச்சிருப்பன். ஒரு வரி போதும் எண்டு அண்டைக்கே சொன்னேனா இல்லயா? ஏன் அம்மா அப்பிடி எழுதினீங்க?"

 அம்மா நடந்து எங்கோ ஒதுக்கமாகப் போவது தெரிந்தது, பிள்ளைகளின் இரைச்சல் குறைந்தது.

"எண்ட வகுப்பில இருந்து மட்டும் பதினொரு பேர் இயக்கத்துக்குப் போனாங்க" என்றார். "ஆறு பேர் பொம்பிளப் புள்ளையள். அதுகள்ள ஒண்டுட தாயிட்டயாவது உனக்குச் சம்மதமா எண்டு ஆரும் கடிதம் கேட்டாங்களா? எனக்கிட்டக் கேட்டாங்க. உண்ட மகள் போறாள், உனக்குச் சம்மதமா எண்டு, முறையா, எழுத்தில கேட்டாங்க. அதுக்கு ஒரு வரியில பதில் எழுதச் சொல்லுறியா? வடிவா எழுதுவம் எண்டுதான் புள்ள எழுதினன்."

நான் தொலைபேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அம்மாவும் தொலைபேசியை வைக்கவில்லை. அடுத்த விமானம் எழும்பிய சத்தத்தில் அவர் அழுகிறாரா இல்லையா என்று எனக்குக் கேட்கவில்லை.